பேச்சுவார்த்தை இல்லை

படிவத்தில் மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். இருபத்தொன்றுக்குக் கிளமென்ட் குத்துமதிப்பாகத்தான் பதில் எழுதினார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மனசறிய உண்மையை எழுதினார். வினை வந்ததெல்லாம் அந்த ஒன்றால்தான்.

படிவத்தைக் கொண்டுவந்தது அனுசுயா என்கிற பெண். கே.கே. நகர்க்காரி, இன்ஜினீயர். மின்சாரமும் விறகும் உமியும் எங்கெங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற ஒரு முகமையில் வேலை. வெப்பத்தைப் படம் பிடிக்கிற கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கார்த்திகை மாத மழைச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்தபடி மண்ணச்சநல்லூர் ரெங்கராஜ் மாடர்ன் ரைஸ் மில்லுக்குள் வந்தாள். மேனேஜர் கிளமென்ட் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சார், உங்க மில்லு லோடு எவ்வளவு?"

"மூணு லோடும்மா. அறுவடை சமயத்துல நாலு கூட வரும்."

"மூணு கிலோவாட்டா? இவ்ளோ பெரிய மில்லுக்கா?"

"லாரிம்மா. மூணு லாரி நெல்லு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியதை அடித்தாள். கிளமென்ட்டுக்குக் காது சூடானது. இனிமேல் வாயால் பேசி மாட்டிக்கொள்ளக் கூடாது, எல்லாவற்றையும் எழுதியே கொடுத்துவிடுவது என்று அந்த நிமிஷம் முடிவெடுத்தார். அவர் ஆயுசில் எடுத்த முடிவுகளில் இதைவிட மோசமானது ரெண்டோ மூணோதான் தேறும்.

அவருக்கு அம்பத்தாறு வயசு. இருபத்தெட்டு வருஷமாக இதே மில். தினமும் காலையில் மேலப்புதூர் வீட்டிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஜன்னல் சீட்டில் துண்டைப் போட்டு, காவிரியையும் கொள்ளிடத்தையும் தூங்கிக்கொண்டே தாண்டி, டோல்கேட்டில் விழித்து, மண்ணச்சநல்லூரில் நெல் அவிகிற வாசம் மூக்கில் ஏறினதும் இறங்குவார். மேனேஜர் என்பது பேருக்கு. நெல்லைக் கடித்து ஈரம் பார்ப்பது, லாரிக்காரர்களிடம் திட்டு வாங்குவது, அதே திட்டைக் களத்து ஆட்களுக்குப் பக்குவமாகப் பிரித்துக் கொடுப்பது, முதலாளி ரெங்கராஜ் கோபமாக இருக்கும்போது எதிரில் நிற்பது, இவைதான் வேலை. வேறு எந்த ஊரில் போய் இந்தத் தகுதிகளைச் சொல்லி வேலை கேட்பது?

அந்தக் கேள்வி அந்த வருஷம் நிஜமாகவே வந்திருந்தது. மில்லின் பாய்லருக்கு வயசு முப்பத்தொன்று. சோதனைக்கு வந்த அதிகாரி அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "பொங்கல் வரைக்கும் ஓட்டிக்கங்க. அதுக்கப்புறம் இதுல நெருப்பு வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பாய்லர் இல்லையென்றால் ஆவி இல்லை. ஆவி இல்லையென்றால் நெல் அவியாது. அவியாத நெல்லை வைத்துக்கொண்டு புழுங்கலரிசி மில் என்ன செய்யும்? முதலாளிக்குத் தனியாகப் புது பாய்லர் வாங்கத் தெம்பில்லை. தை பிறந்தால் நாற்பது பேருக்கு வழி அடையும்.

அதனால்தான் அனுசுயா கொண்டுவந்த திட்டம் தெய்வமாகத் தெரிந்தது. அவளுடைய முகமை, ஒரு வங்கி, ஒரு பாய்லர் கம்பெனி, அரிசி ஆலைக்காரர்கள் சங்கம் என்று நாலு பேர் கைகோத்து, எரிபொருளை மிச்சம் பிடிக்கிற புது பாய்லர் போட்டுத் தருகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தனி மில்லுக்குக் கிடையாது. பக்கத்துப் பக்கத்து மில் ரெண்டு சேர்ந்து ஒரே பாய்லரில் ஓட ஒப்புக்கொள்ள வேண்டும்.

பக்கத்து மில் கலையரசனுடையது. கலையரசன் ரெங்கராஜின் கூடப் பிறந்த தம்பி.

அவர்கள் அப்பா காலத்தில் ரெண்டும் ஒரே மில். அப்பா போன பிறகு பாகம் பிரித்தார்கள். நிலம், தொட்டி, களம் எல்லாம் சிக்கலில்லாமல் பாதிப் பாதியாகப் பிரிந்தது. கடைசியில் பாய்லரும் சங்கும் மிச்சம். சங்கு என்றால், ஆவியில் ஊதுகிற பழைய மில் சங்கு. காலை ஏழுக்கும் மத்தியானம் ஒன்றுக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளும். பாய்லர் அண்ணனுக்கு, சங்கு தம்பிக்கு என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாய்லர் இல்லாமல் சங்கை வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வான் என்று ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை. அண்ணனுக்குத் தோன்றியது. அன்றைக்கு இருந்த கடுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "எடுத்துட்டுப் போடா. உனக்கே ஊதிக்க."

சங்கு ஊதுவது என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. தம்பி சங்கை வண்டியில் ஏற்றினான். மூன்று மாதத்தில் நடுவில் பதினோரடிச் சுவர் எழுந்தது. சுவரை ஒட்டி அந்தப் பக்கம் ஒரு பாய்லர் வந்தது. சங்கு ஊதுவதற்காகவே பாய்லர் வாங்கின ஒரே மனுஷன் கலையரசன்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒன்பது வருஷம். அண்ணன் மில் ஆட்களும் தம்பியின் சங்கு கேட்டுத்தான் வேலைக்கு ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அந்தச் சத்தம் தன் காதில் விழுவதாக மட்டும் ரெங்கராஜ் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

இப்போது பதினேழாவது கேள்வி: "அண்டை நிறுவனத்துடன் பேச்சுவார்த்தை நடந்துள்ளதா? விவரம் தருக."

கிளமென்ட் பேனாவை உதறினார். மழுப்பி எழுதலாம். ஆனால் திட்டம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது; பின்னால் தெரிந்து மானம் போவதைவிட இப்போதே சொல்லிவிடுவது மேல். குண்டு எழுத்தில் எழுதினார்: "ஒன்பது வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை."

ரெண்டு வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் 'அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை' என்று நாம் சொல்கிறோம். பஸ் ஸ்டிரைக் என்றால் 'பேச்சுவார்த்தைக்கு அழைப்பு' என்று பேப்பரில் போடுகிறான். சொல் ஒன்றுதான். ஒன்று மண்ணச்சநல்லூரில் குடியிருக்கிறது, இன்னொன்று ஆபீசில் குடியிருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை என்பது கிளமென்ட்டுக்கு அப்போது தெரியாது.

அனுசுயா போவதற்கு முன் பாய்லர் பக்கம் போய்ப் படம் எடுத்தாள். உமி தள்ளிக்கொண்டிருந்த மலர்க்கொடி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு நேராக நின்றாள்.

"உங்களை இல்லக்கா. சுவரை எடுக்கறேன்."

"சுவரையா? சுவத்துல என்ன இருக்கு?"

"சூடு எங்க போகுதுன்னு தெரியும்."

"அதை என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா" என்றாள் மலர்க்கொடி. "எல்லாம் என் சோத்துக்குத்தான் போகுது." சுவரில் ரெண்டு செங்கல்லை உருவி மாடம் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். அதில் வரிசையாக ஆறேழு தூக்குவாளி. "காலைல வச்சா ஒரு மணிக்கு எடுக்கறப்ப ஆவி பறக்கும். அந்தப் பக்கத்து ஆளுங்களும் இப்படித்தான் ஓட்டை போட்டு வச்சிருக்காங்க. ஒருநாள் கை மாறி அவங்க கருவாட்டுக் குழம்பு இங்க வந்துருச்சு."

"திருப்பிக் குடுத்தீங்களா?"

"தூக்கைக் குடுத்தோம்."

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ரெங்கராஜ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இறக்கிக்கொண்டு, ரெண்டு தடவை படித்தார். கிளமென்ட் வாசலில் நின்றிருந்தார். முதலாளியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

"யோவ் கிளமென்ட். கேட்டுட்டான்யா."

"யாரு முதலாளி?"

"யாரா? அவன்தான். படி."

கிளமென்ட் படித்தார். 'அண்டை நிறுவனத்தின் விருப்பத்தின் பேரில், ஒன்பது ஆண்டுகளாக நிலுவையில் இருக்கும் பேச்சுவார்த்தையை விரைந்து முடிக்க ஸ்ரீரங்கத்தில் கூட்டம் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. தாங்கள் தவறாது கலந்துகொள்ளுமாறு...'

"ஒன்பது வருஷம்னு கணக்கா எழுதிக் குடுத்திருக்கான் பாரு" என்றார் ரெங்கராஜ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போகாம இருப்பேனா? சின்னவன் இறங்கி வந்திருக்கான். நான் பெரியவன். போறேன். ஆனா முதல்ல அவன் பேசட்டும்."

கிளமென்ட் மறுபடி படித்தார். ஒன்பது ஆண்டுகள். நிலுவை. விருப்பம். அந்த ஒன்பது அவருடைய குண்டு எழுத்து ஒன்பது.

வாயைத் திறந்தார். "முதலாளி, இது வந்து..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மார்கழிப் பனி, ஸ்வெட்டர் போட்டுட்டுப் போகணும்."

டீக்கடையில் கலையரசன் கிளமென்ட்டைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக அண்ணன் மில் ஆட்கள் இருக்கிற நேரத்துக்கு வர மாட்டார். அன்று வந்தார், மசால்வடை வாங்கிக் கொடுத்தார்.

"சார், அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க."

"லெட்டர் வந்துச்சு. அண்டை நிறுவனத்தின் விருப்பத்தின் பேரில்னு." கலையரசன் அதை மனப்பாடமாகச் சொன்னார். "எனக்குத் தெரியும் சார், என்னைக்காவது ஒருநாள் கூப்பிடுவாருன்னு. அந்த வார்த்தையைச் சொல்லிட்டு அவரும் தூங்கியிருக்க மாட்டாரு. வரேன்னு சொல்லுங்க. ஆனா முதல்ல அவர்தான் பேசணும். என்ன இருந்தாலும் வார்த்தையை விட்டவரு அவருதானே."

கிளமென்ட் கடித்த வடையைத் தட்டில் வைத்தார். ஒரே கடிதத்தை ரெண்டு பேருக்கும் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். ரெண்டு பேரும் ரெண்டு பேருக்கும் அண்டை நிறுவனம்.

வீட்டில் மனைவி பாக்கியமேரி கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஸ்கூல் டீச்சர். இவர் கதையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நாலு முறுக்கு கருகியது.

"நீங்க பொய் எதுவும் எழுதலையே" என்றாள்.

"இல்ல. உண்மையைத்தான் எழுதினேன்."

"அதான் பாத்தேன். பழக்கமில்லாத வேலைல ஏன் இறங்குறீங்க?"

"கிண்டல் பண்ணாத மேரி. இப்ப உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் போக மாட்டாங்க. பாய்லர் வராது. மில்ல மூடிருவாங்க. சொல்லலைன்னா அங்க போய் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. விஷயம் வெளிய வரும். என்னைத் தொரத்திருவாங்க. மில்லு இருக்கும், நான் இருக்க மாட்டேன்."

"அப்ப எப்படிப் பாத்தாலும் நீங்க வீட்லதான்."

"அதான் சொல்றேன்."

"சரி, இந்த அச்சைப் பிடிங்க. இப்பவே பழகிக்கிட்டா நல்லது."

சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டார். "ஃபாதர், ஒரு படிவத்துல உண்மையை எழுதிட்டேன்." "அது பாவமில்லையேப்பா" என்றது குரல். "அப்புறம் தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்." "எதைத் தெரிஞ்சு?" விளக்க ஆரம்பித்தார். பாய்லர், சங்கு, அண்டை நிறுவனம் என்று போய்க்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் ஃபாதர், "மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போப்பா" என்றார். எந்தப் பாவத்துக்கு என்று ரெண்டு பேருக்குமே தெரியவில்லை.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் காலி. அதனால்தான் முகமைக்கு ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் ஒரு மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் பெருமாள் கோயிலில் பகல் பத்து உற்சவம் நடக்கிற சமயம். வீதிக்குள் வண்டி விடவில்லை. ரெங்கராஜும் கிளமென்ட்டும் கூட்டத்தில் நசுங்கி, கோலங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்து போனார்கள். மண்டபத்து வாசலில் பேனர்: 'ஆற்றல் திறன் மேம்பாடு: பேச்சுவார்த்தை மற்றும் புரிந்துணர்வு ஒப்பந்த விழா.' பேச்சுவார்த்தையும் இல்லை, புரிந்துணர்வும் இல்லை. அந்த 'மற்றும்' ஒன்றுதான் பொருத்தமாக இருக்கிறது என்று கிளமென்ட் நினைத்துக்கொண்டார்.

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் ரெண்டும் ஜோடியாக இருந்தன. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி அனுசுயா கேட்டதற்கு மண்டபத்து மேலாளர் கை குவித்தார். "க்ஷமிக்கணும். ரெண்டையும் சேர்த்து போல்ட் போட்டிருக்கு. பிரிக்கப்படாது."

வேறு வழியில்லை. அண்ணனும் தம்பியும் அதில்தான் உட்கார்ந்தார்கள். ஸ்வெட்டர் போட்ட ரெங்கராஜ் மாப்பிள்ளை இடத்தில். வெள்ளை வேட்டி கலையரசன் பெண் இடத்தில். ரெண்டு பேரும் நேராக எதிரே பார்த்தார்கள். வங்கிக்காரர், பாய்லர் கம்பெனிக்காரர், சங்கத்துச் செயலாளர் பரக்கத் அலி மூவரும் கீழே முன்வரிசையில், மொய் எழுத வந்தவர்கள் மாதிரி. கிளமென்ட் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார். தம்பி பேசட்டும் என்று அண்ணன் காத்திருந்தார். அண்ணன் பேசட்டும் என்று தம்பி காத்திருந்தார். வெளியே ஒலிபெருக்கியில் பாசுரம் முழுசாக ஒன்று முடிந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் அனுசுயா.

ரெங்கராஜ் தலையைத் திருப்பாமல், "கிளமென்ட், அவரை ஆரம்பிக்கச் சொல்லு" என்றார்.

கலையரசனும் தலையைத் திருப்பவில்லை. "சார், கூப்பிட்டவங்க ஆரம்பிக்கறதுதானே முறைன்னு கேளுங்க."

"கிளமென்ட், யாரு கூப்பிட்டதுன்னு கேளு."

கிளமென்ட் ரெண்டு தலைகளுக்கும் நடுவில் குனிந்தார், நிமிர்ந்தார். அனுசுயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டு பேரும் பக்கத்துலதானே சார் இருக்கீங்க" என்றாள். உதவி செய்கிற நல்ல மனசோடு ஃபைலைத் திறந்தாள். "இந்தாங்க. உங்க ஃபார்ம்லயே தெளிவா இருக்கு. 'ஒன்பது வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை.' அதைப் படிச்சுட்டுத்தான், பாவம், இவ்ளோ வருஷமா யாரும் ஏற்பாடு பண்ணித் தரலையேன்னு நாங்க..."

ரெங்கராஜ் மெதுவாகப் பின்னால் திரும்பிக் கிளமென்ட்டைப் பார்த்தார். கலையரசனும் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"உன் எழுத்தா?" என்றார் ரெங்கராஜ்.

"ஆமாங்க முதலாளி."

"அப்ப அவன் கேக்கலையா?"

"இல்லீங்க."

"அண்ணனும் கூப்பிடலையா?" என்றார் கலையரசன்.

"இல்லீங்க."

வெல்வெட் நாற்காலியிலிருந்து ரெங்கராஜ் கையை ஊன்றி எழுந்தார். கலையரசன் துண்டை உதறித் தோளில் போட்டார். பரக்கத் அலி கீழேயிருந்து, "அட, உக்காருங்கய்யா, பொங்கல் போட்டிருக்கு, சாப்பிட்டாவது போங்க" என்றார். அனுசுயா பதறிப்போய், போகிறவர்களை நிறுத்த வேறு எதுவும் தெரியாமல், திரையில் படத்தைப் போட்டாள்.

கருநீலத்தில் ரெண்டு மில். நடுவில் தணல் மாதிரி ஒரு நீளக் கோடு.

"இது உங்க சுவர் சார். ரெண்டு பக்கமும் பாய்லரை அதை ஒட்டியே வச்சிருக்கீங்க. எரிக்கிற உமில நாலுல ஒரு பங்கு இதுலதான் போகுது. நெல்லோட சேர்த்து இந்தச் சுவரையும்தான் ரெண்டு பேரும் அவிக்கிறீங்க."

ரெண்டு பேரும் நின்றபடியே பார்த்தார்கள். கோட்டில் சின்னச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள்.

"அது என்னம்மா?" என்றார் ரெங்கராஜ்.

"தூக்குவாளி சார்."

"இன்னொரு கேள்வி" என்று பேச்சு அறுந்துவிடாமல் அவசரமாகத் தொடர்ந்தாள் அனுசுயா. கலையரசன் பக்கம் திரும்பினாள். "உங்க மில்லு பாய்லர் நோட்டுல ஒரு விஷயம் புரியவே இல்ல சார். மில்லு ஓடாத நாள்லயும் பாய்லர் எரிஞ்சிருக்கு. தீபாவளிக்கு மறுநாள், ஆடிப்பெருக்கு, உங்க வீட்டுக் கல்யாணத்தன்னைக்கு. நெல்லே அவிக்கல. எதுக்குன்னு எங்க ரிப்போர்ட்ல காரணம் எழுதணும்."

கலையரசன் துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டார். "சங்குக்கு."

"எதுக்கு?"

"எங்களுக்கு லீவு. அந்தப் பக்கம் வேலை உண்டே. ஏழு மணிக்குச் சத்தம் கேக்கலைன்னா ஆளுங்க எப்படி வருவாங்க? அதுக்காக மூட்டி, ஊதிட்டு, அணைச்சிருவேன்."

"சங்குக்காக மட்டும் முழு பாய்லரையும் எரிச்சீங்களா?" அனுசுயாவின் பேனா நின்றுபோனது. அவள் படிப்பில் இதைவிடப் பெரிய விரயத்தைப் பார்த்ததில்லை என்று முகம் சொன்னது. "யாராவது கேட்டாங்களா சார்?"

"யாரு கேப்பாங்க. பேச்சுவார்த்தைதான் இல்லையே."

ரெங்கராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஸ்வெட்டர் பித்தானைத் திருகினார்.

"கிளமென்ட். அவன் வீட்டுக் கல்யாணத்தன்னைக்குமாய்யா?"

"ஆமாங்க. ஊதிச்சு. நீங்க அன்னைக்குக் கூட ஒரு மணி நேரம் முன்னாடியே மில்லுக்கு வந்துட்டீங்க."

"கல்யாணத்துக்குப் போகாம மில்லுல உக்காந்திருந்தேன்" என்றார் ரெங்கராஜ், யாரிடமும் இல்லாமல். பிறகு கிளமென்ட்டிடம், "அன்னைக்குப் பாகப் பிரிவினைல நான் என்ன சொன்னேன்னு அவன்கிட்ட எடுத்துச் சொல்லு. ஊதிக்கன்னுதான்யா சொன்னேன். நேரத்துக்கு ஊதிக்கன்னு."

கிளமென்ட் கலையரசன் பக்கம் குனிந்தார். "நேரத்துக்கு ஊதிக்கச் சொன்னாங்களாம்."

"ஒன்பது வருஷம் கழிச்சு விளக்கம் வருது பாருங்க" என்றார் கலையரசன். ஆனால் அவரும் உட்கார்ந்துவிட்டார். "புது பாய்லர் அவர் பக்கமே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லுங்க. சங்கு என்கிட்டதான் இருக்கும். அதுக்கு ஆவி யாரு குடுப்பாங்கன்னு கேளுங்க."

"குடுக்காம? குடுப்பேன்னு சொல்லு."

கையெழுத்துப் போட்டார்கள். பேசிக்கொள்ளவில்லை. போட்டோக்காரர் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, சிரிங்க" என்றார். சிரித்தது கிளமென்ட் மட்டும்தான், பயத்தில். திரும்புகிற பஸ்ஸில் கொள்ளிடம் பாலம் வரைக்கும் ரெங்கராஜ் ஒப்பந்த நகலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாலத்தில் கேட்டார்: "வேற எந்தக் கேள்விக்காவது உண்மையை எழுதி வச்சிருக்கியா?"

"இல்லீங்க முதலாளி. மத்ததெல்லாம் குத்துமதிப்புதான்."

"அது போதும்."

வேலையை விட்டு நிற்கச் சொல்கிறாரா இல்லையா என்று கிளமென்ட்டுக்குப் புரியவில்லை. மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். யாரும் தடுக்காததால் போய்க்கொண்டே இருந்தார்.

தை பிறந்து பத்தாம் நாள், சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தின புது பாய்லரில் நெருப்பு வைத்தார்கள். சுவரில் ஒரு ஓட்டை போட்டு, வெல்டர் மீரான் கலையரசன் பக்கத்துக்குக் குழாய் இழுத்துக் கொடுத்திருந்தான். பழைய பாய்லர்கள் ரெண்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழாய்க்கு ரெண்டு கை அகலம் போதும். கொத்தனார் அளவு தப்பி ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு இடித்து வைத்திருந்தார். பூசச் சொல்லி ரெங்கராஜும் சொல்லவில்லை, கலையரசனும் சொல்லவில்லை.

முதலில் சங்குக்கு விட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஆபரேட்டரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரெங்கராஜ் தானே வால்வைப் பிடித்தார். அந்தப் பக்கம் கலையரசன் சங்குச் சங்கிலியைப் பிடித்திருந்தார். ஓட்டைக்கு நேராகக் கிளமென்ட். இங்கே சொல்வதை அங்கே, அங்கே சொல்வதை இங்கே. அவருடைய நிரந்தர வேலை.

"தொறக்கறேன்னு சொல்லு."

"தொறக்கறாங்களாம்."

வால்வு திரும்பியது. குழாயில் தங்கியிருந்த தண்ணீர் முதலில் உறுமியது. மூட்டு வழியாக ஆவி பீறிட்டது. சங்கு ஊதவில்லை, கழுத்தை நெரித்த கோழி மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றது. கலையரசன் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றான்?" என்றார் ரெங்கராஜ்.

"கேக்கலீங்க."

"என்ன?"

"கேக்கலீங்கன்னேன்."

கிளமென்ட் வாயசைப்பதுதான் தெரிந்தது. ஆவி இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரால் ஒரு உபயோகமும் இல்லாமல் போனது. தள்ளி நின்றார். ஓட்டை வழியாகக் கலையரசனின் தலை வந்தது. முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, பத்தல. இன்னும் கொஞ்சம் தொறங்க."

"தொறந்துட்டேன்டா. தண்ணி வடியணும், பொறு."

"பொறுத்துட்டுதானே இருக்கேன்."

"அப்ப இழு."

சங்கு ஊதியது. களத்தில் மேய்ந்துகொண்டிருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பின. மணி காலை பத்து இருபது. ரெண்டு மில்லிலும் ஆட்கள் ஒன்றும் புரியாமல் வேலையைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள். தெருவில் யாரோ கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைத்ததாகப் பிற்பாடு தெரிந்தது. சத்தம் நின்ற பிறகும் அண்ணனும் தம்பியும் ஓட்டையின் ரெண்டு பக்கமும் குனிந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். சண்டையா, சமாதானமா என்று இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.

மலர்க்கொடி தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளமென்ட்டிடம் வந்தாள்.

"என்ன மேனேஜரே, சோறு சில்லுன்னு இருக்கு."

"சுவர் ஆறிடுச்சு மலர்க்கொடி. இனிமே சூடு வீணாகாது."

"அப்ப எங்க சோறு?"

கிளமென்ட் இப்போதைக்குப் பாய்லர் மேல் வைக்கச் சொன்னார்.

சாயங்காலம் அனுசுயா புதுப் படிவம் அனுப்பியிருந்தாள். இதிலும் பதினேழாவது கேள்வி அதேதான்: 'அண்டை நிறுவனத்துடன் பேச்சுவார்த்தை நடந்துள்ளதா? விவரம் தருக.' கிளமென்ட் பேனாவை உதறினார். முதலாளி அறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அறை காலி, அவர் செருப்பு சுவரோரம் ஓட்டைக்குக் கீழே கிடந்தது. ரொம்ப நேரம் யோசித்து, இந்தத் தடவையும் உண்மையையே எழுதினார்.

'நடந்தது. சத்தம் அதிகமாக இருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.'